நான்கு வயதினரின் நியூயோர்க்

மன்ஹற்றன் தீவிலிருந்து கிழக்கு நதியின் அடியாக வரும் ஏழாம் இலக்க ரயில், குயின்ஸ் பகுதியை அடைந்ததும் நிலத்தினின்று மேலெழுந்து, இரும்புத் தூண்களின்மேல் ஓடத் தொடங்குகின்றது. எழுபத்துநான்காம் வீதி நிலையத்தில் இறங்கினால் ஜாக்சன் ஹைற்ஸ். ஒரு காதில் ஸ்பானிய மொழி, மறு காதில் வங்காள மொழி. சேலைக் கடைக்கு அப்பால் திபெத்திய உணவுச்சாலை.

காலை வேளையில் அவ்வீதியிலே, தம்மினும் பெரிய பையைச் சுமந்து செல்லும் சின்னஞ்சிறு பாலரைக் கண்டேன். அவர்கள் செல்வது அரசாங்கச் செலவில் நடைபெறும் பாலர் வகுப்புக்கு. முன்னர் ஏறத்தாழ 20,000 பிள்ளைகளுக்கே முழுநாள் வகுப்பில் இடமிருந்தது. 2014ஆம் ஆண்டில் நகரபிதாவான பில் டி பிளாசியோ, நான்கு வயதுப் பிள்ளைகள் அனைவர்க்கும் இலவச இடம் என்னும் திட்டத்தைத் தொடக்கினார். அவ்வாண்டிலேயே தொகை 50,000ஐத் தாண்டியது. மறு ஆண்டில் 65,000ஐ மிஞ்சியது.

பெற்றோர் தாம் விரும்பும் பாடசாலைகளை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்க வேண்டும். முந்தி வந்தவர்க்கு முதலிடம் என்பது இல்லை. முன்னுரிமை விதிகளும் சீட்டுக் குலுக்கலும் இடத்தைத் தீர்மானிக்கின்றன.

கதவு யாவர்க்கும் திறந்தது. எனினும், உள்ளே யாவரும் ஒன்றாக அமர்ந்தனரா? 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை கூறிற்று. பாலர் வகுப்புகளில் ஆறிலொன்றில், பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே இனத்தவர். அடுத்த படியான ஐந்து வயதினர் வகுப்புகளிலோ எட்டிலொன்றே அவ்வாறிருந்தது. இத்தனை இனத்தார் வாழும் நகரில் இஃது எவ்வாறு நேர்ந்தது?

பேரனின் கையைப் பிடித்து வந்த முதியவர் ஒருவரிடம், இப்பாடசாலையைத் தெரிந்ததேன் என வினவினேன். "என் கால்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, இங்குள்ள ஆசிரியை எங்கள் மொழியும் பேசுவார்" என்றார். அவர் கூற்றில் குற்றங்காண இயலுமோ? மழலை மாறாத பிள்ளையைத் தொலைதூரம் அனுப்ப எவர் மனம் துணியும்? ஆயினும் ஒவ்வொரு குடும்பமும் தன் அயலைத் தெரியும்போது, அயல்களுக்கிடையேயுள்ள வேலி வகுப்பறைக்குள்ளும் புகுந்துவிடுகின்றது.

இதனை உணர்ந்தே 2015ஆம் ஆண்டில் ஏழு ஆரம்பப் பாடசாலைகள், வறிய குடும்பத்தார், ஆங்கிலம் பயிலும் பிள்ளைகள் போன்றோர்க்குச் சில இடங்களை ஒதுக்கிவைக்க அநுமதி பெற்றன. முயற்சி சிறிதே, எனினும் திசை நல்லது.

மணி ஒலித்தது. முதியவரின் பேரன், வேற்று மொழி பேசும் சிறுமியொருத்தியின் கரத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே ஓடினான். அவ்விருவர்க்கும் எந்த ஆய்வும் தேவைப்படவில்லை. அவர்களை ஒரே வாயிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரியோர் கடன்.