அப்பாவின் காடிக் கதவுகள்

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியை, காடிக் கதவுக்குப் பலகை மாற்றிய கதையைச் சொல்ல வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள், வாசகர்களே! சென்ற மழைக்கால விடுமுறை முழுவதும் எனக்கு அந்த வேலையாகத்தான் போயிற்று. எல்லாம் ஒரு நாள் காலையில், காடியின் பின் கதவைத் திறந்தபோது உள்பலகை பெயர்ந்து என் காலில் விழுந்ததால் வந்த வினை.

அப்பாவின் காடி மோரிஸ் மைனர். உங்களில் வயதானவர்களுக்கு அதை வர்ணித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தோட்டத்துக் கிராணிமாரும் டிரெசர்மாரும் ஓட்டிய, முதுகு உருண்ட வண்டி. அலெக் இசிகோனிஸ் என்பவர் வரைந்தது. 1948-ல் லண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைத்தார்கள். 1971-ல் நிறுத்தும் வரை 16 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் காடி அந்தக் கணக்கில் எப்படிச் சேருமோ தெரியாது. அது எங்கள் லயத்து வாசலில், இரண்டு செத்த காடிகளிலிருந்து பிறந்தது. ஒன்றுக்கு உடம்பு நன்றாக இருந்தது, இஞ்சின் இல்லை. மற்றதற்கு இஞ்சின் இருந்தது, முன்பக்கம் நசுங்கிப் போயிருந்தது. இரண்டையும் ஒன்றாக்க அப்பாவுக்கு 1988-ஆம் ஆண்டு முழுவதும் பிடித்தது. பகலெல்லாம் தோட்டத்து லாரி ஓட்டிவிட்டு, இரவில் மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வார். எனக்கு ஏழு வயது. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. தப்பான நம்பரைக் கொடுத்தால் ஒன்றும் சொல்லமாட்டார், திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான்.

லாரி ஓட்டுகிறவருக்கு எதற்குச் சொந்தக் காடி என்று அப்போது சிலர் கேலி செய்தார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1987-ல் அம்மாவுக்குப் பிரசவம். இரவு இரண்டு மணிக்கு வலி கண்டது. லாரியை எடுக்க அனுமதி வேண்டும். அனுமதி தருகிறவரைப் போய் எழுப்ப வேண்டும். அவர் எழுந்து வந்தால் சாவி இன்னொருவர் வீட்டில். ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தபோது பொழுது விடிந்துவிட்டது. தம்பி உயிரோடு பிறக்கவில்லை. அப்பா அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றும் பேசியதில்லை. அடுத்த மாதம் அம்மாவின் சங்கிலியை விற்றுவிட்டு, அந்த முதல் காடியை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் பிரசவ வலி என்றால், “டிரைவர் அண்ணே!” என்றுதான் கதவைத் தட்டுவார்கள். எண்ணெய்க் காசைக் கொடுத்தால் வாங்குவார், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார்.

சரி, கதவுக்கு வருகிறேன்.

காடிக் கதவு உள்ளே கூடு. மழைநீர் கண்ணாடியோடு வழிந்து, ரப்பர் ஓரத்தைத் தாண்டி அந்தக் கூட்டுக்குள் இறங்கத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது. அதனால்தான் கதவின் அடியில் துவாரங்கள் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் அந்த வழியாக ஒழுகிவிட வேண்டும். துவாரத்தில் மண் அடைத்துக்கொண்டால் போச்சு! தண்ணீர் உள்ளேயே நிற்கும், உள்பலகை குடிக்கும், ஊதும், கடைசியில் கிளிப்பை விட்டுக் கழன்றுவிடும். நாங்கள் பலகையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மையான குற்றவாளி அந்தத் துவாரத்து மண்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. கண் மங்கிவிட்டது, சாயந்திரமானால் கை நடுங்கும். அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நானே ஆரம்பித்தேன். கண்ணாடி இறக்கும் கைப்பிடியைக் கழற்றவே அரை நாள் ஆயிற்று. இழுத்தேன், திருகினேன், நெம்பினேன், அசையவில்லை. “பாப்பா, அதுக்கு அடியில இருக்கிற வட்டத்த அமுக்கிப் பாரு. ஊசி ஒண்ணு தெரியும். அத ஆணி வச்சுத் தட்டு” என்றார் அப்பா. அழுத்தினேன், தெரிந்தது. முதலிலேயே கேட்டிருக்கலாம்.

பின் இடது கதவின் பலகையைக் கழற்றித் திருப்பினேன். பின்புறம் கறுப்பு. அதில் வெள்ளைச் சாயத்தில் நேர்க்கோடுகள், எழுத்துப் பயிற்சிக்குப் போடுகிற கோடுகள்! அது கரும்பலகை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புதுப் பலகை வந்தபோது வெளியே வீசிய பழையதை அப்பா கேட்டு வாங்கி வந்து அறுத்திருக்கிறார். நான் ‘அ’னா எழுதிப் பழகிய பலகை முப்பத்தேழு ஆண்டுகளாக நான் சாய்ந்துகொண்டு போன கதவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடம் இன்று இல்லை. தோட்டம் கைமாறியபோது அதுவும் போய்விட்டது. பலகைக்கும் கதவுக்கும் நடுவே உர மூட்டையின் உள்பையை விரித்து ஒட்டியிருந்தார். அது மட்டும் இன்னும் கிழியவில்லை.

புதுப் பலகைக்குப் பட்டணத்துக்குப் போனேன். கடைக்காரர் மூன்று மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையைக் கொடுத்தார். வழவழப்பாக, வெட்டச் சுலபமாக இருந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்து, மோந்து பார்த்து, “இது நம்ம பால்மரம்” என்றார். நான் நம்பவில்லை. பிறகு விசாரித்தால், அப்படியும் இருக்கலாம் என்றார்கள். பால் வற்றி வெட்டிய ரப்பர் மரத்தை முன்பெல்லாம் அடுப்புக்கும் சூளைக்கும்தான் போடுவார்கள். 1980-களிலிருந்து அதில் நாற்காலி மேசை செய்கிறார்கள், நாராக அரைத்துப் பிசினோடு அழுத்தி இந்தப் பலகையும் செய்கிறார்கள். இருபத்தைந்து முப்பது வருஷம் நாம் பால் வெட்டிய மரம், பிறகு பலகையாகி நம்மிடமே விலைக்கு வருகிறது! ஆனால் தண்ணீர் பட்டால் இந்தப் பலகையின் ஓரம் அப்பளம்போல் பொரிந்துவிடும். ஒரு துண்டை இரவு முழுக்க வாளியில் போட்டுப் பார்த்தோம். காலையில் ஓரம் தடித்துப் போயிருந்தது. ஆகவே அது வீட்டில் அலமாரிக்கு முதுகாயிற்று. கதவுக்கு அதே கனத்தில் ஒட்டுப்பலகை வாங்கினேன்.

இனி என் அவமானம். பழைய பலகையை மேலே வைத்துப் பென்சிலால் வரைந்து, இரண்டு முன் கதவுக்கும் அழகாக வெட்டினேன். இடது கதவுக்குப் பொருந்தியது. வலது கதவுக்கு வைத்தால் கைப்பிடித் துவாரம் தப்பான ஓரத்தில் வருகிறது! திருப்பி வரைய மறந்து, இரண்டையும் இடது கதவுக்கே வெட்டியிருக்கிறேன். பலகையைப் புரட்டி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். முடியாது. அதற்குள் ரெக்சினும் ஒட்டிவிட்டேன். வகுப்பில் கண்ணாடியை வைத்துச் சமச்சீர் பாடம் நடத்துகிறவள் நான்! அப்பா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. அம்மா போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு பலகை நட்டமானாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

நீங்கள் இந்த வேலையைச் செய்வதானால் ஒன்று கேளுங்கள். வெட்டிய ஓரங்களுக்கும் துவாரங்களின் உள்வட்டத்துக்கும் வார்னிஷ் இரண்டு முறை பூச வேண்டும். தண்ணீர் அங்கேதான் நுழையும். பலகையின் நடுவில் எவ்வளவு பூசினாலும் வீண். பிளாஸ்டிக் தாளின் அடி ஓரத்தைக் கதவுக் கூட்டுக்குள் செருகிவிட வேண்டும், வெளியே மடித்தால் தண்ணீர் உங்கள் காலில்தான் சொட்டும். ரெக்சினை நானே ஒட்டியதில் ஒரு சுருக்கம் விழுந்தது. மீதியைக் குஷன் கடையில் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றுக்குமாக 450 வெள்ளி ஆயிற்று. என் அண்ணன் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, பழைய காடிகளுக்கு இப்போது பட்டணத்தில் நல்ல விலை இருக்கிறது, விற்றுவிடலாமே என்றான். அப்பா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று கதவு முடிந்தது. பின் இடது கதவுக்குப் புதுப் பலகை தயாராக இருந்தது. அப்பா எழுந்து வந்து, பழைய பலகையில் ரெக்சின் தேய்ந்து துணி தெரிகிற இடத்தில் கையை வைத்தார். பள்ளம் விழுந்த இடம். ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள் பிடித்துக்கொள்கிற இடம் அது.

“இத மட்டும் விட்டுடும்மா.”

ஊதிய ஓரத்தை அரம் போட்டு மட்டப்படுத்தி, வெயிலில் மூன்று நாள் காயவைத்து, வார்னிஷ் பூசினேன். கோடு போட்ட பக்கத்தைத் தொடவில்லை. கிழிந்த ரெக்சினைத் தைக்கவும் இல்லை. அதையே திரும்ப மாட்டினேன். மற்ற மூன்று கதவும் பளபளக்க, இது ஒன்று மட்டும் பழசாகத் தெரிகிறது. பார்க்கிறவர்கள் பணம் போதவில்லை போலும் என்று நினைக்கிறார்கள்.

கடைசியாகச் சோதனை. கம்பியால் துவாரங்களைக் குத்திவிட்டு, கண்ணாடி மேல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். அப்பாவுக்குத் தண்ணீர் சொட்டுவது கண்ணுக்குத் தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து, கதவுக்கு அடியில் உள்ளங்கையை நீட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திக்கொண்டே போனார்.

“எல்லா ஓட்டையிலயும் வருது, பாப்பா. இன்னொரு வாளி ஊத்து.”