காலுக்கு வந்த சேதி

கோலார் தங்கவயலின் தொழிலாளர் லைன் வீடுகளில் பிறந்தவர்களிடம் ஓர் ஆயா கதை இருக்கும். சுரங்கத்துக்குள் தாத்தா அடிபட்ட அதே நேரம் ஆயாவுக்கு மனசு பதறியது, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்டுக்கு ஓடினாள் என்று. எங்கள் வீட்டிலும் உண்டு. தொலைவில் நடப்பதைப் புலன்களின் துணையில்லாமல் அறிவதற்கு 1882இல் ஆவியுலக ஆய்வாளர் ஃபிரெடரிக் மயர்ஸ் ‘டெலஸ்தீசியா’ என்று பெயரிட்டார். எங்கள் ஆயாக்களுக்கு அது பொருந்தாது. அவர்கள் புலனால்தான் அறிந்தார்கள், அதுவும் காலால்.

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். தங்கக்கல்லை வெட்டியெடுக்க எடுக்க, மேலே கவிந்த பாறையின் பாரமெல்லாம் மிச்சமிருக்கும் பாறைமேல் ஏறும். தாங்காதபோது அது வெடிக்கும். ராக் பர்ஸ்ட். பெரிதாக இருந்தால் மேலே ஊரே குலுங்கும், சுவர் விரியும்.

ஆயா அப்போது தரையில் உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்தாளாம். “லாரி போனா தரை நடுங்கும்டா, அது வேற. இது அடியிலிருந்து தூக்கிப் போட்டுச்சு. தட்டுல இருந்த டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிச்சு.” தாத்தாவுக்கு அன்றைக்கு எந்த ஷிப்ட் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குமேல் என்ன சேதி வேண்டும்?

ஆனால் யாருக்கு என்பதைத் தரை சொல்லாது. ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வர வர, இறங்கும் முகங்களைப் பார்த்து நிற்க வேண்டும். அன்று லைன் முழுக்கப் பெண்களுக்கு மனசு பதறியிருக்கும். புருஷன் நல்லபடியாக ஏறிவந்த வீட்டில் அந்தப் பதற்றம் கதையாகவில்லை, அவ்வளவுதான். அதனால் அது பொய்யாகிவிடாது. பயந்து பயந்தே பழகிய உடம்பின் அறிவு அது. ஆவி உலகச் சங்கதியைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இதே சாம்பியன் ரீஃபில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965இல் டாடா ஆராய்ச்சி நிலையத்தார், ஒசாகா நகர, டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடத்தைப் பிடித்தார்கள். மற்ற துகள்களை வடிகட்ட அத்தனை பாறை தேவைப்பட்டது. அந்தப் பதிவுகள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அதிர்வுகளைக் குறித்த கருவிகளின் பதிவுகளும் உண்டு. ஆயாக்களின் கால் அறிந்தது அவற்றில் இல்லை.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. உள்ளே தண்ணீர் நிறைந்தது. அதிர்வு அதற்குப் பிறகும் வந்தது. எந்த அதிர்வுக்கு ஓடினார்கள், எதற்கு உட்கார்ந்தபடி இருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள, மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இன்னும் சில ஆயாக்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் போக வேண்டும்.