கரும்புள்ளி

காஞ்சிமாநகரிற் பட்டு நெய்வோர் தெருவொன்றில் வளர்ந்தவன் யான். எங்கள் அடுத்த வீட்டில் முதிய நெசவாளர் ஒருவர் இருக்கின்றார். அவரைப் பெரியப்பா என்றே அழைப்பேன். புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்க, இரண்டையும் குழித்தறியிற் கோத்து நெய்யும் கோர்வை வேலையிற் கைதேர்ந்தவர். ஓரிழை பிசகினும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருக்குக் கொரோனா நோய் கண்டது. அவர் நெடுநாளாக நீரிழிவு உடையவர். மூச்சுத்திணறல் தணிய ஸ்டீராய்டு மருந்து பெற்று, பிழைத்து வீடு மீண்டார். சில நாள் கழித்துக் கஞ்சி கொண்டு சென்ற யான், அவர் மூக்கின் ஓரத்தில் மிளகளவான கருமையொன்றைக் கண்டேன். கன்னமும் சற்றே வீங்கியிருந்தது. கேட்க நாவெழுந்தது. ஆயினும், நோயினின்று எழுந்தவரை அச்சுறுத்தலாகாதென்று வாளாவிருந்தேன். சிறுவனாகிய எனக்கு அதுவே மரியாதையாகத் தோன்றிற்று.

மூன்றாம் நாள் அவருடைய வலக்கண்ணின் இமை தாழ்ந்தது. சென்னைக்குக் கொண்டுசென்றனர். உயிர் தப்பிற்று, கண் தப்பவில்லை.

அது கரும்பூஞ்சை எனப்படும் மியூகார்மைகோசிஸ். தமிழக அரசு அம்மாதமே அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அதன் வித்துக்கள் மண்ணிலும் மக்கிய இலையிலும் உள்ளன. யாவரும் அவற்றைச் சுவாசிக்கின்றோம். உடலின் காவல் திடமாயுள்ளவரை அவை முளைப்பதில்லை. சர்க்கரை மிகுந்தோர், ஸ்டீராய்டு பெற்றோர், புற்றுநோய்க்கு மருந்துண்போர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் ஆகியோரிடத்தே அவை வேரூன்றி, இரத்தக் குழாய்களுட் புகுந்து அடைத்துவிடக்கூடும். குருதி பெறாத தசை மடிந்து கருகும். ஆதலின் அக்கருமை பூஞ்சையின் நிறமன்று. இறந்த தசையின் நிறமாகும்.

இதற்குரிய மருந்தாகிய ஆம்போடெரிசின்-பி, வெனிசுவேலா நாட்டின் ஓரினோகோ ஆற்றுப்பகுதி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரொன்றினின்று 1950களிற் பெறப்பட்டது. ஆயினும் மருந்து குருதிவழிச் செல்வதன்றோ? குருதி செல்லாவிடத்து அதுவும் செல்லாது. எனவே கருகிய தசையை அறுத்து நீக்க வேண்டும். தாமதிக்குந்தோறும் அறுக்கும் எல்லை பெருகும்.

லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில், தோலில் மாறுதல் கண்டவனை ஆசாரியனிடம் கொண்டுவர விதித்திருக்கின்றது. ஐயமுண்டாயின் ஏழு நாள் அடைத்துவைத்து, ஆசாரியன் மீண்டும் பார்ப்பான். முன்பு அவ்வதிகாரத்தைச் சலிப்புடனே படித்தேன். உற்றுப் பார்ப்பதும் உரியவரிடம் சொல்வதும் கடமை என்பதை இப்பொழுது அதிற் காண்கின்றேன். கரும்பூஞ்சையோ ஏழு நாள் தவணை தருவதன்று.

பெரியப்பா இப்பொழுது கோர்வைத் தறியில் அமர்வதில்லை. இராட்டையில் நூல் சுற்றுகின்றார். சென்ற விடுமுறையில், யான் கண்டதையும் மறைத்ததையும் அவரிடம் கூறினேன். இராட்டையை நிறுத்தாமலே அவர் சொன்னார்: "அறுந்த இழையைக் கண்டவன் அப்பொழுதே சொல்லிவிட வேண்டும், தம்பி. நாலு விரற்கடை நெய்த பிறகு சொன்னால் என்ன செய்ய முடியும்?"

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பாரமாயிருக்கின்றது. தோழர்களே, உங்கள் இல்லத்தில் உடற்காவல் தளர்ந்த பெரியோர் இருப்பின், மூக்கிலோ அண்ணத்திலோ கண்ணருகிலோ கருமையும் வீக்கமும் கண்ட அன்றே வாய் திறந்து சொல்லுங்கள்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.