காவலிருக்கும் கண்

சாரதி ஆசனத்தில் ஒருவர் இருந்தார். வாகனத்தைச் செலுத்தியதோ கணனி. 2018ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி இரவு பத்து மணியளவில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ரெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தின் பரீட்சார்த்த வாகனமொன்று, துவிச்சக்கரவண்டியை உருட்டியவாறு வீதியைக் கடந்த பெண்மணியொருவரை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 செக்கன்களின் முன்னரே கருவி அவரைக் கண்டுவிட்டது. எனினும், அது வாகனமா, துவிச்சக்கரவண்டியா, வேறேதேனுமா எனத் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டேயிருந்தது. வாகனத்தில் வொல்வோ நிறுவனம் பொருத்தியிருந்த அவசர பிறேக் அமைப்பும், கணனி செலுத்தும் வேளைகளில் இயங்காதவாறு நிறுத்தப்பட்டிருந்தது. எஞ்சியிருந்த ஒரே காவல் சாரதியின் கண்கள். அவை வீதியில் இல்லை; கைத்தொலைபேசியிற் படிந்திருந்தன.

சாரதி 2023இல் குற்றத்தை ஏற்று, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானார். நிறுவனத்தின்மீது குற்ற வழக்கு எதுவும் எழவில்லை. சாரதி குற்றமற்றவர் என்று எவரும் வாதிடார். ஆனால் அவருக்கு அளிக்கப்பட்ட வேலை மனித இயல்புக்கு ஏற்றதுதானா?

இதற்கான விடை மிகப் பழையது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையை நோக்கியிருந்தோர் நேரஞ் செல்லச் செல்ல அறிகுறிகளைத் தவறவிட்டனர். அதனை ஆராய்ந்த நோர்மன் மக்வேத், எண்களற்ற வட்டமொன்றில் முள்ளொன்றைச் செக்கனுக்கு ஓரடியாக நகரவிட்டார். முள் எப்போதாவது ஈரடி பாயும். அதனைக் கண்டு அறிவிப்பதே வேலை. முதல் அரை மணித்தியாலத்துள்ளேயே பார்வையின் கூர்மை மங்கியது என்பதை 1948இல் அவர் வெளியிட்டார். அதில் ஈடுபட்டோர் சோம்பேறிகளல்லர். நிகழாத ஒன்றுக்காக விழித்திருப்பது உள்ளத்துக்கு ஒவ்வாத தொழில். பொறி திருந்தத் திருந்தத் தவறுகள் அரிதாகும். தவறு அரிதாக அரிதாகக் காவலிருப்பவர் மேலும் அயர்வார். 1983இல் லிசான் பெயின்பிறிட்ஜ் தன்னியக்கத்தின் முரண்நகைகளை எடுத்துரைத்தபோது கருதியவை ஆலைப் பொறிகளே. இன்று அம்முரண் வீதிக்கு வந்துவிட்டது.

பகுதித் தன்னியக்க வாகனங்கள் சில, சுக்கானிற் கை பட்டிருக்கின்றதா என்பதை மட்டுமே சோதித்தன. கை ஓரிடத்திலிருக்க மனம் வேறிடத்தில் உலாவும் என்பதை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பிற்பகல் விரிவுரை மண்டபமே போதும். கண்கள் நோக்கும் திசையைக் கமராவாற் கவனிப்பது அதனிலும் மேலானது. ஆயினும், கண் திறந்திருப்பதும் காண்பதும் ஒன்றல்ல.

ரெம்பி வாகனம் அன்றிரவு வழமையான சுற்றுப்பாதையில் இரண்டாந் தடவையாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னர் இத்தகைய வாகனத்தில் இருவரை அமர்த்துவதே அந்நிறுவனத்தின் வழக்கம். விபத்துக்குச் சில மாதங்களின் முன்னரே அத்தொகை ஒன்றாகக் குறைக்கப்பட்டிருந்தது.