கேட்காமல் எடுத்த படம்

லீவுக்கு ஊருக்கு வந்தால் நாங்கள் நாலு பேரும் முதலில் சந்திக்கிற இடம் மாத்தளை பஸ் ஸ்டாண்ட்தான். ஸ்கூல் காலத்திலிருந்தே அப்படி. இந்த முறை கையில் ஒரு கமராவும் இருந்தது. எங்களில் ஒருத்தி கெம்பஸ் நண்பியிடம் கெஞ்சி ஒரு கிழமைக்கு இரவல் வாங்கி வந்தது. மற்ற மூன்று பேருக்கும் போன்தான்.

பின்னேரம் நாலு மணிக்கு ரயில்வே ஸ்டேஷனில் தொடங்கினோம். கண்டியிலிருந்து வருகிற பாதை இங்கேதான் முடிகிறது. தண்டவாளம் முடிகிற இடத்தை நாலு பேரும் நாலு விதமாக எடுத்தோம், நாலும் ஒரே மாதிரி வந்தது. பிறகு மிளகும் கராம்பும் மணக்கிற கடைகள், திருகோணமலை வீதி, முத்துமாரியம்மன் கோயில். 108 அடிக் கோபுரத்தின் உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. இருபது வருஷமாகப் பார்க்கிற ஊர். கமரா வழியாகப் பார்க்கும்போது மட்டும் ஏதோ வெளியூர்க்காரர் மாதிரி நடந்துகொண்டோம்.

வீதிப் புகைப்படம் பற்றி யூடியூபில் பார்த்த பாடம் ஒன்றுதான்: ஆளுக்குத் தெரியாமல் எடு. பிரெஞ்சுக்காரர் கார்ட்டியே பிரெஸோன் கமராவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தாராம். நாங்களும் வீதிக்கு எதிர்ப்பக்கம் நின்று, நடைபாதையில் கீரை விற்ற ஒரு பாட்டியை எடுத்தோம். குனிந்து சில்லறை எண்ணுகிறார், பக்கவாட்டில் மஞ்சள் வெளிச்சம், பின்னால் மங்கலாக ஒரு பஸ். அன்றைக்கு எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். சந்தேகமே இல்லை.

பாட்டி பார்த்துவிட்டார். கை காட்டிக் கூப்பிட்டார். ஏசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே வீதியைக் கடந்தோம்.

“எடுத்தத காட்டு புள்ள.”

காட்டினோம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது நானா? பிச்ச எடுக்குற மாதிரில்ல இருக்கேன்.”

எங்களுக்குப் பதில் வரவில்லை. வெளிச்சத்தைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது?

“வெள்ளக்காரங்க எத்தனையோ பேரு எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரும் காட்டுனதில்ல. வீட்டுல என் படம்னு இருக்குறது ஐடென்டி கார்டுல உள்ளது மட்டுந்தான்.”

1875இல் இலங்கைக்குக் குடிவந்த ஜூலியா மார்கரட் கமரன் என்ற பிரித்தானியப் பெண்மணி இங்கே தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்திருக்கிறார். அவற்றில் பலருக்குப் பெயரில்லை. அந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது கெம்பஸில் நாங்கள் எவ்வளவு கோபப்பட்டோம்! 2023 ஆகஸ்டில், மலையகம் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து வந்த நடைபயணம் இந்த மாத்தளையில்தான் முடிந்தது. அந்த வழியில் நடந்து வந்து செத்துப்போனவர்களுக்கு முகமே இல்லை என்றும் நாங்கள்தான் சொன்னோம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, பிரச்சினை முழுதாகத் தீர 2003 வரை காத்திருந்த சமூகத்தில், ஐடென்டி கார்டுப் படம் என்பது சும்மா படமில்லை என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் வீதிக்கு எதிர்ப்பக்கம் நின்றோம்.

“நல்லதா ஒண்ணு எடு” என்றார் பாட்டி. தலைத்துண்டை அவிழ்த்தார், முந்தானையை இழுத்துவிட்டார், கீரைக் கூடையைக் காலால் தள்ளி ஓரமாக்கினார். நிமிர்ந்து நேராகக் கமராவைப் பார்த்தார். சிரிக்கச் சொன்னோம், சிரிக்கவில்லை. யூடியூப் பாடத்தின்படி பார்த்தால் எல்லாமே பிழையான படம்.

பிளேன்டீக் கடையில் சண்டை வந்தது. முதல் படத்தை அழிக்க வேண்டும் என்று இரண்டு பேர். “அது பொய் இல்லையே, அவங்க சில்லறை எண்ணினதுதானே” என்று இரண்டு பேர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நாங்கள் எடுக்கத் தேர்ந்தெடுத்தது அவர் குனிந்த நேரத்தை. கொஞ்சம் முன்னால் பக்கத்துக் கடைக்காரரோடு சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதை யாருமே எடுக்கவில்லை. முடிவில்லாமல் எழுந்து போனோம். மூன்றாம் நாள் “அழிச்சிட்டேன்” என்று கமராக்காரியின் மெசேஜ் வந்தது. காரணம் எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இரண்டாவது படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து லெமினேட் செய்து கொண்டுபோய்க் கொடுத்தோம். பாட்டி அதைச் சேலையில் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“செத்தா மாலை போட ஒரு படம் வேணும்னு மகன்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். இனி கவலையில்ல.”

சொல்லிவிட்டு, படத்தில் சிரிக்காதவர் அப்போது சிரித்தார். காசு எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் என்றோம். விடவில்லை. நாலு கட்டு கீரை, ஆளுக்கொன்று.