ஆவாரம்பட்டையும் ஓர் அரபுச் சொல்லும்



சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னர், எங்கள் தெருவில் ஒரு விதவைத் தாயின் கிடாய் கயிற்றில் சிக்கி மூச்சடைத்துச் செத்துவிட்டது. ஆடு வளர்த்துத்தான் அவருடைய சீவியம். "மௌலவி, இறைச்சி ஹராமெண்டு தெரியும். தோலாவது எனக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

நான் இருபது வருடமாக ஓதிக்கொடுக்கும் பாடம் இது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோது, தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உண்பதுதான் ஹராம் என்றும் சொன்னார்கள்.

"ஆகும் ராத்தா. பதனிட்டுக் கழுவினால் சுத்தம்."

"எதைப் போட்டுப் பதனிட?"

நான் திகைத்துப் போனேன். வெயிலில் காயவைத்தால் போதாது. தோலின் கசடை நீக்கும் காரமான பொருள் வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். கிதாபில் 'கரழ்' என்றும் மாதுளந்தோல் என்றும் இருக்கிறது. ஒரு கிடாய்த் தோலுக்குப் போதுமான மாதுளைக்கு எங்கே போவது? கரழ் எதுவென்று நான் ஒருநாளும் தேடியதே இல்லை. அகராதியைப் புரட்டினால், கருவேல இனத்து மரமொன்று.

மூன்றாம் நாள் என் மனைவி சொன்னார்: "இதுக்கா இவ்வளவு யோசனை? துறைமுகப் பக்கம் மஞ்சளாப் பூத்துக் கிடக்கிற ஆவாரையிட பட்டையாலதானே தோல் பதனிடுற. உம்மும்மா சொல்லுவா." உண்மைதான். குரோம் உப்பு வருமுன்னர் ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம்களின் தோல் பதனிடும் தொழிலும் இந்தப் பட்டையை நம்பித்தான் நடந்தது.

விஞ்ஞானம் படிக்கும் மகள் அதன் லத்தீன் பெயரைச் சொன்னாள்: சென்னா ஆரிகுலாட்டா. ஆரிகுலா என்றால் சிறு காது. இலைக்காம்பின் அடியில் காது போல இரண்டு சிற்றிலைகள் இருக்கும். சென்னா? அது அரபியின் 'ஸனா'! ஹதீஸில் மருந்தாக வருகிறதே, அதே ஸனா. தமிழிலும் அந்த மூலிகைக்கு நிலாவாரை என்றுதான் பேர். லத்தீன்காரரும் நம் வைத்தியர்களும் இரண்டையும் ஒரே குடும்பமாகக் கண்டிருக்கிறார்கள். இரண்டு சொல்லும் தெரிந்த எனக்குத்தான் விளங்கவில்லை.

பட்டையை உரித்துக்கொண்டு ஓடினேன். தோல் அழுகி, காலையிலேயே புதைத்துவிட்டாராம். "போகட்டும் மௌலவி, நீங்க என்ன செய்வீங்க" என்று ராத்தா எனக்கே ஆறுதல் சொன்னார்.

இந்த வருடம் அந்தப் பாடம் வந்தபோது பட்டைத் துண்டொன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு பையன் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.