உம்மாவின் விளக்கும் 1.25 வோல்ட்டும்

2012 மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையைத் தாண்டினால் கரண்ட் இருக்கும் நேரத்தைத்தான் எண்ண வேண்டியிருந்தது. மேலப்பாளையத்தில் ராத்திரி உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கு அது பெரிய சோதனை. வெளிச்சம் இல்லாமல் சுற்றினால் தூள் கூடும், குறையும். மறுநாள் பீடிக்கடையில் கழித்துவிடுவார்கள்.

ஒரு பாலிடெக்னிக் பையன் தன் உம்மாவுக்காக விளக்கு செய்தான். பழைய யுபிஎஸ்ஸில் கழற்றிய 12 வோல்ட் பேட்டரி, அடுத்தடுத்து மூன்று ஒரு வாட் எல்ஈடி. வோல்ட்டேஜ் லேசாக ஏறினாலும் எல்ஈடியில் கரண்ட் எகிறிவிடும். அதைக் கட்டிப்போட ஒரு எல்எம்317 ஐசி. அவுட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான் சர்க்யூட். ரெசிஸ்டரின் இரண்டு முனைக்கும் இடையில் எப்போதும் 1.25 வோல்ட் நிற்கும்படி ஐசி பார்த்துக்கொள்ளும். 3.6 ஓம் போட்டால் சுமார் 350 மில்லிஆம்பியர்.

முதல் நாள் எரியவே இல்லை. 7805 நினைப்பில் கால்களை மாற்றிப் பற்றவைத்திருந்தான். (எல்லாரும் ஒருதடவை செய்கிற தப்புதான்!) சரிசெய்ததும் பளிச்சென்று எரிந்தது, பத்தே நிமிஷம்.

"வாப்பா, மங்குதுல்லா..." என்றார் உம்மா.

டூப்ளிகேட் ஐசி என்று வேறு வாங்கினான். அதுவும் அப்படியே. ரெசிஸ்டரை மாற்றினான். அந்த இரண்டு ராத்திரி சுற்றியதில் கழிவு அதிகம். உம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

ரேடியோ ரிப்பேர் செய்யும் காக்கா ஒருத்தர் கேட்டார்: "ரெசிஸ்டர்ல எத்தன வோல்ட்டு நிக்கி? அத பாத்தியால?"

பார்க்கவில்லை. மங்கியபிறகு மல்டிமீட்டரை வைத்தால் 0.8 தான் காட்டியது. பேட்டரியில் 11.6. அப்போதுதான் கணக்குப் போட்டான். முழு கரண்டில் மூன்று எல்ஈடிக்கு பத்து வோல்ட் கிட்டே வேண்டும். ரெசிஸ்டருக்கு 1.25. ஐசி தனக்கென்று இரண்டு வோல்ட் அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். ஆக, 13 வேண்டும். சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டில் பேட்டரி 13-க்கு மேல் காட்டும், பத்து நிமிஷத்தில் இறங்கிவிடும். ஐசியும் நல்லது, ரெசிஸ்டரும் நல்லது. வரவே பத்தாத வீட்டில் கணக்குப்பிள்ளையை மாற்றி என்ன பிரயோஜனம்?

ஒரு எல்ஈடியைக் கழற்றினான். மிச்ச வோல்ட்டேஜ் இப்போது ஐசியில் சூடாக இறங்கியது, ஒன்றரை வாட் வரும். அலுமினியத் தகடு ஒன்றை முடுக்கினான். ஐசியின் முதுகுத் தகடு அவுட் காலோடு சேர்ந்தது என்பதால் நடுவில் மைக்கா வைத்தான்.

"முன்ன இத விட வெளிச்சமா இருந்துச்சே" என்றார் உம்மா. வயரை ஒரு சாண் இறக்கி விளக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி மீட்டரை வைத்துப் பார்த்தான். 1.25. உம்மா நூல் கட்டிக்கொண்டிருந்தார்.